எல்லாப் படத்திலும் நீலம்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

எங்கள் ஒன்பதாம் வகுப்பில் இன்று ஒரு புதுப் பெண் சேர்ந்தாள். பெயர் ஹெப்சிபா. அவளுக்குக் கண் தெரியாது. என் பெஞ்சில் மட்டும்தான் இடமிருந்தது. வழக்கமாக அங்கே என் பைதான் உட்கார்ந்திருக்கும். பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

மரகதம் டீச்சர் சமூக அறிவியல் நடத்தினார். பெரிய திரையில் படம் ஓடியது. "இங்க பாருங்க, இதப் பாருங்க" என்று டீச்சர் சொல்லும்போதெல்லாம் ஹெப்சிபா சன்னல் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அங்கிருந்துதான் காற்று வந்தது.

இடைவேளையில் அவள் போனைக் காதில் வைத்திருந்தாள். தலைமையாசிரியை தனி அனுமதி கொடுத்திருக்கிறார். போனுக்குள் ஒரு பெண் குரல், அவசரமே இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தது: "படம். படம். படம். படம்."

"என்ன படம்?" என்று கேட்டேன்.

"ஒங்க டீச்சர் வகுப்புக் குழுவுல அனுப்புன பாடம். எனக்கு இவ்வளவுதான் வந்துச்சு."

டீச்சர் புத்தகப் பக்கங்களைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். எழுத்தும் படமாகிவிட்டால் அந்தக் குரலுக்கு ஒன்றும் தெரியாதாம்.

வீட்டுக்கு வந்து முருங்கைக் கீரை உருவினேன். உருவும்போது காதுக்குள் அந்தக் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. எங்கள் தெரு, உப்பளம், அதற்கப்பால் தூத்துக்குடிக் கடல், எல்லாவற்றுக்கும் அந்தக் குரல் ஒரே சொல்லைச் சொன்னால் எப்படி இருக்கும் என்று நினைத்தேன். கீரையோடு காம்பையும் போட்டுவிட்டேன் என்று அம்மா திட்டினார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மரகதம் டீச்சரிடம் போய்ச் சொன்னேன். "அதுக்கென்ன, நான் டைப் பண்ணியே வச்சிருக்கேன்" என்று உடனே ஹெப்சிபாவுக்கு அனுப்பினார். ஆனால் அந்தப் பூமத்திய ரேகைக் குறிப்பை டீச்சர் தட்டச்சு செய்தது அவர் கல்லூரிக் காலத்துப் பழைய எழுத்துருவில். திரையில் அழகான தமிழாகத் தெரிகிறது. அந்தக் குரலுக்கோ உள்ளே இருப்பது வேறு. "ஜி, எஃப், டபிள்யூ, அடைப்புக்குறி, ஜி" என்று கடகடவென்று வாசித்தது. வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார், ஹெப்சிபாவும் சிரித்தாள்.

"டீச்சர், பூமத்திய ரேகைக்கு இங்கிலீசு வைத்தியம் பாக்காவ" என்றாள் சந்தனமாரி. அவள் எதற்கும் ஏதாவது சொல்வாள். என்னைக் 'கவிஞர்' என்றுதான் கூப்பிடுவாள். நான் அதைப் பொருட்படுத்துவதில்லை.

மணி அடித்த பிறகு ஹெப்சிபா என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள். தலைமையாசிரியை அவள் அம்மாவிடம், அரையாண்டுத் தேர்வில் எல்லாப் பாடத்திலும் தேறினால் இங்கேயே படிக்கலாம், இல்லையென்றால் பழைய விடுதிப் பள்ளிக்கே போய்விடட்டும் என்று சொல்லியிருக்கிறாராம்.

"அந்த ஸ்கூல் நல்லா இல்லையா?"

"நல்ல ஸ்கூலுதான். எல்லாம் இருந்துச்சு. அம்மா இல்ல, அவ்வளவுதான்."

அவள் அம்மா இறால் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறார். வீட்டில் இரண்டே பேர்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மதிய உணவுக்குப் பிறகு கணினி அறையில் உட்கார எனக்கு அனுமதி கிடைத்துவிட்டது. டீச்சரின் குறிப்புகளைப் புது எழுத்துருவில் திரும்ப அடிக்கிறேன். தலைப்பைத் தலைப்பென்று குறிக்க வேண்டும், அப்போதுதான் அந்தக் குரல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். படத்தைச் சொடுக்கினால் 'மாற்று உரை' என்று ஒரு சின்னப் பெட்டி திறக்கிறது. அதில் நாம் என்ன எழுதுகிறோமோ அதுதான் ஹெப்சிக்குப் படம்.

இத்தனை வருடம் எத்தனை படங்களைப் பார்த்திருக்கிறேன். அவற்றின் முதுகில் இப்படி ஒரு காலிப் பெட்டி இருந்தது தெரியாமலே இருந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

முதல் பெட்டியில் 'கடலடி நிலத்தோற்றத்தின் படம்' என்று எழுதினேன்.

"அது தலைப்புலயே இருக்குல்லா" என்றாள் ஹெப்சி. "படத்துக்குள்ள என்ன இருக்கு, அதச் சொல்லு."

ஆகஸ்ட் 18, திங்கள்

திரும்ப எழுதினேன். 'கரையிலிருந்து தரை மெல்லச் சரிந்து கடலுக்குள் இறங்குகிறது. இது கண்டத்திட்டு. பிறகு, படியில் கால் தவறியதைப் போலச் சட்டென்று ஆழத்துக்குப் போகிறது. இது கண்டச்சரிவு. அதன் கீழே ஆழ்கடல் சமவெளி, யாரும் நடந்திராத பெரிய மைதானம்.'

இடைவேளையில் வேப்பமரத்தடியில் இருவரும் ஆளுக்கொரு காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கேட்டோம். நான் எழுதியதை அந்தக் குரல் வாசித்தது. யாரோ எங்கோ எழுதியதைப் போல இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். தரை சரிந்தது.

குரல் நின்றதும் ஹெப்சி சொன்னாள்: "இன்னும் சொல்லு."

இதுவரை என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. போன வருடக் கட்டுரைப் போட்டியில் நடுவர் என் தாளின் மேல் 'சுருக்கமாக எழுதவும்' என்று எழுதியிருந்தார். அதை இங்கே எதற்குச் சொல்கிறேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஹெப்சி நான்கு வயது வரை பார்த்திருக்கிறாள். பிறகு காய்ச்சல் வந்ததாம். பார்த்ததில் எது ஞாபகம் இருக்கிறது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது. அவளுக்கு வருத்தமில்லை.

"ஒரு வாளி. நீல வாளி. கொழாயடியில இருக்கும். அதுல தண்ணி ஆடும். மத்ததெல்லாம் போயிட்டு. அம்மா மொகங்கூட போயிட்டு. வாளி மட்டும் இருக்கு."

சாயங்காலம் தண்ணீர் வந்தது. எங்கள் வாளி சிவப்பு. நிரம்பி வழிவது தெரியாமல் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறேன். "ஏட்டி, தண்ணி தெருவுக்குப் போவுது, நீ எந்த ஊருல நிக்க?" என்றார் அம்மா.

செப்டம்பர் 3, புதன்

இன்று எழுதிய நீர்ச் சுழற்சிப் படத்தில் மேகத்தை இளநீலம் என்று எழுதினேன். படத்தில் அது சாம்பல்தான். ஆனாலும் சாம்பல் என்றால் அவளுக்கு என்ன தெரியும்? அவளிடம் இருக்கிற ஒரே நிறத்தைத்தானே நாம் கொடுக்க முடியும்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஹெப்சி வரவில்லை. பெஞ்சு மிகப் பெரியதாக இருந்தது.

செப்டம்பர் 16, செவ்வாய்

இந்தியாவின் இயற்கை அமைப்பு வரைபடம். 'வடக்கே இமயமலை தூரத்து நீலத்தில் எழுந்து நிற்கிறது. மேற்கே மலைத்தொடர் மழைக்கு முந்திய நீலம். நடுவே சமவெளி, நீலம் கலந்த பச்சை, ஈரத் துணியை விரித்துக் காயப்போட்டதைப் போல.' ரயிலில் தென்காசி போகும்போது மலைகள் நீலமாகத்தான் தெரியும். நான் பொய் எழுதவில்லை.

கடலடி அகழியிலும் ஒரு வரி சேர்த்தேன். 'அகழியின் அடியில் கரு நீல இருளில் ஒரு திமிங்கிலம் உறங்குகிறது.'

அதைக் கேட்ட ஹெப்சி காதிலிருந்து ஒயரைக் கழற்றினாள். பிறகு, "அது மூச்சு விடுதா?" என்று கேட்டாள்.

"மெதுவா விடுது" என்றேன்.

அக்டோபர் 8, புதன்

காலாண்டுத் தேர்வில் ஹெப்சி தமிழிலும் ஆங்கிலத்திலும் நன்றாகச் செய்திருக்கிறாள். சமூக அறிவியலில் படக் கேள்விகளை விட்டுவிட்டார்கள், அதனால் தப்பித்தாள். "அரையாண்டுல விட மாட்டேன். படத்துக்குப் பதிலா எழுத்துல கேள்வி குடுப்பேன், படத்தையும் படிச்சிட்டு வரணும்" என்று மரகதம் டீச்சர் சொல்லிவிட்டார்.

"படமெல்லாம் எனக்கு மனப்பாடம் டீச்சர்" என்றாள் ஹெப்சி. என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். வகுப்பு முழுவதும் கேட்கும்படி அவள் அதைச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அக்டோபர் 24, வெள்ளி

மழை. உப்பளங்களில் வேலை நின்றுவிட்டது. பாத்திகள் எல்லாம் வானமாகக் கிடக்கின்றன. பள்ளிப் பேருந்திலிருந்து பார்த்தால் பூமி ஓர் இடத்தில் முடிந்து, அதற்குப் பிறகு மேகத்தின் மேலேயே சாலை போவதைப் போல இருக்கிறது. இதை ஹெப்சிக்குச் சொன்னேன். ஒரு கையைச் சன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டே கேட்டாள்.

இதுவரை ஐந்து பாடங்கள் முடித்துவிட்டேன். எரிமலைப் படத்தில்கூடக் கொஞ்சம் நீலம் வந்துவிட்டது. புகையில்தான்.

நவம்பர் 13, வியாழன்

எழுத மனமில்லை.

நவம்பர் 14, வெள்ளி

எழுதிவிடுகிறேன். நேற்று மரகதம் டீச்சர் மாதத் தேர்வுத் தாளைக் கொடுத்தார். ஹெப்சி சொல்லச் சொல்ல எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதிய தாள். டீச்சருக்கு யாரையும் நோகடிக்கும் எண்ணமில்லை, அவருக்கே அது வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். வாசித்துவிட்டார்.

"இயற்கை அமைப்பு வரைபடத்துல மலை எந்த நெறம்? 'தூரத்து நீலம்.' சமவெளி? 'ஈரமான நீலப் பச்சை.' நீர்ப்பரப்பு? 'நீலம்.' எம்மா, எல்லாம் நீலம்னா இமயமலைல கப்பல் விடலாமா? இன்னொன்னு. 'அகழியில் திமிங்கிலம் உறங்கும்.'"

"டீச்சர், எந்த ஊரு திமிங்கிலம்?" என்றாள் சந்தனமாரி.

வகுப்பு சிரித்தது. எழுத்துருவுக்குச் சிரித்தபோது ஹெப்சியும் சேர்ந்து சிரித்தாள். இந்த முறை அவள் சிரிக்கவில்லை. தாளை வாங்கி நான்காக மடித்தாள். பிறகு எட்டாக மடித்தாள்.

சமூக அறிவியலில் அவள் தேறவில்லை.

மணி அடித்ததும் கேட்டாள்: "மல என்ன நெறம்?"

"பழுப்பு. உயரமான இடமெல்லாம் பழுப்பு. சமவெளி பச்சை. தண்ணி மட்டும் நீலம்."

"திமிங்கிலம்?"

"இல்ல."

"மேகம்?"

"சாம்பல்."

"வேற எதெல்லாம் நீ போட்டது?"

எது படத்தில் இருந்தது, எது என்னிடமிருந்து போனது என்று எனக்கே பிரிக்க முடியவில்லை. அவளுக்குப் பிடிக்குமென்றுதான் செய்தேன் என்றேன்.

"எனக்குப் பிடிச்சுதுதான். நீலம் மட்டுந்தான் எனக்குத் தெரியும்னு அதையே அள்ளி அள்ளிக் குடுத்த. மத்த நெறமெல்லாம் எனக்கு வேண்டாம்னு ஒன்கிட்ட யாரு சொன்னா? பழுப்பு எப்படி இருக்கும்னு தெரியாட்டா என்ன, மலைக்குப் பழுப்புன்னு தெரிஞ்சா எனக்குப் போதும். இப்ப நான் படிச்சதுல எத மறக்கணும், எத வச்சிக்கணும்? அதையாவது சொல்லு."

அரையாண்டுக்கு ஒரு மாதம் கூட இல்லை. அவள் அம்மா விடுதிக்குப் பணத்துக்கும் துணிக்கும் என்ன செய்வது என்று இப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டாராம்.

நவம்பர் 17, திங்கள்

பேச்சு இல்லை. ஒரே பெஞ்சுதான்.

நவம்பர் 18, செவ்வாய்

மழை விடுமுறை. துணியெல்லாம் வீட்டுக்குள்ளேயே கொடி கட்டிக் காய்கிறது. அதற்கடியில் படுத்துக்கொண்டு புத்தகத்தின் படங்களைத் திரும்பப் பார்த்தேன். அகழியை ரொம்ப நேரம் பார்த்தேன். அது வெறும் ஒரு கறுப்புப் பிளவு. அதில் ஒன்றுமே இல்லை. திமிங்கிலம் இருந்த இடம் எனக்கு இன்னும் தெரிகிறது.

நவம்பர் 20, வியாழன்

ஹெப்சியே பேசினாள். "எல்லாப் படத்தையும் மொதல்லேந்து எழுது. எழுதுனத நான் அப்படியே நம்ப மாட்டேன். வேற ஒருத்தி படத்தப் பாத்துச் சரின்னு சொல்லணும்."

"யாரு?"

"சந்தனமாரி."

அவளா என்று கேட்டுவிட்டேன்.

"அவளுக்கு இல்லாதத இருக்குன்னு சொல்ல வராது" என்றாள் ஹெப்சி.

எனக்கு ஒன்றுமில்லை. யார் வந்தால் என்ன, வேலை நடந்தால் சரி.

நவம்பர் 24, திங்கள்

கணினி அறையில் மூவர். நான் எழுதுவதை அந்தக் குரல் வாசிக்கும். மாரி புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் பார்ப்பாள்.

"'மேகங்கள் தயங்கி நிற்கின்றன.' எங்க தயங்குது? மேகம் இருக்கு. மூணு இருக்கு. எழுது, மூணு மேகம்."

"'சூரியன் தன் கதிர்களை அனுப்புகிறது.' யாருக்கு அனுப்புது, தபால்லயா? மேல வலது பக்கம் சூரியன். அதுலேந்து கடலுக்கு ஒரு அம்புக்குறி. முடிஞ்சுபோச்சு, கவிஞரே."

ஹெப்சி விழுந்து விழுந்து சிரித்தாள். என் வரிகளுக்கு அவள் இப்படிச் சிரித்ததில்லை. நான் குடிதண்ணீர் பிடித்து வருவதாகச் சொல்லி வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். பாட்டிலை உள்ளேயே விட்டுவிட்டுப் போயிருந்தேன். மாரி அதைப் பார்த்தாள், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

இப்போது எழுதுவதற்கு ஒரு முறை வந்துவிட்டது. படம் எதைக் காட்ட வந்தது என்று முதலில் ஒரு வரி. பிறகு மேலிருந்து கீழே, இடமிருந்து வலம். நிறம் பாடத்துக்குத் தேவையென்றால் மட்டும், உள்ள நிறம். அம்பு எங்கிருந்து எங்கே போகிறது என்பது மிக முக்கியம்.

வரைபடத்திலிருந்து நீலங்களை ஒவ்வொன்றாக அழித்தேன். இமயமலை பழுப்பானது. சமவெளி காய்ந்து பச்சையானது. கடலில் மட்டும் நீலம் மிஞ்சியது. ஓரத்தில் அது மட்டும் தனியாக இருந்தபோதுதான் எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்று முதல் தடவையாக எனக்கே தெளிவாகத் தெரிந்தது. பச்சை முடிந்து நீலம் தொடங்கும் கோட்டின் மேல் ஒரு புள்ளி. அதை அவளிடம் சொல்லலாமா என்று யோசித்து, சொல்லவில்லை. படத்தில் எங்கள் ஊரின் பெயர் இருந்தது. அதை மட்டும் எழுதினேன்.

டிசம்பர் 5, வெள்ளி

எல்லாம் முடிந்தது. மாரி கடைசிப் படத்தைச் சரிபார்த்துவிட்டு, "குத்தம் ஒன்னும் இல்ல" என்றாள். கொஞ்சம் வருத்தத்துடன்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

மரகதம் டீச்சர் எங்கள் கோப்பை வாங்கி, அந்தக் குரல் வாசிக்கக் கேட்டார். அடுத்த பாடத்துக் குறிப்பைப் புது எழுத்துருவில் அவரே அடித்துக் கொண்டுவந்திருந்தார். ஒரு பக்கம்தான். அதில் எங்கெங்கோ புள்ளி விட்டுப்போயிருந்தது. "விரலு பழகலட்டி" என்றார்.

டிசம்பர் 17, புதன்

சமூக அறிவியல் அரையாண்டுத் தேர்வு. கேள்வி: 'கடலடி நிலத்தோற்றத்தைக் கரையிலிருந்து தொடங்கி விவரி.' பக்கத்து அறையிலிருந்து ஹெப்சியின் குரல் மெல்லியதாக எனக்குக் கேட்டது. கண்டத்திட்டு, கண்டச்சரிவு, சமவெளி. அவள் அகழிக்கு வரும்வரை நான் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. அகழிக்கு வந்தாள். "மிக ஆழமான, குறுகலான பள்ளம்" என்றாள். அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

டிசம்பர் 23, செவ்வாய்

தேர்வுகள் முடிந்தன. கிறிஸ்துமஸுக்கு ஹெப்சி வீட்டில் இருந்து மக்ரூன் இனிப்பு வந்தது. அவள் அம்மா கொண்டுவந்தார். கையில் இறால் வாசனை போகவில்லை என்று முந்தானையால் டப்பாவைப் பிடித்திருந்தார். "எம்மா குழலி, ரிசல்ட்டு என்னாகும்னு ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றேன்.

ஹெப்சி என்னைத் தனியே இழுத்து, "அந்தத் திமிங்கிலத்த மட்டும் எனக்குத் தனியா அனுப்பு. பாடத்துல போடாத" என்றாள்.

ஜனவரி 7, புதன்

எல்லாப் பாடத்திலும் தேறிவிட்டாள். சமூக அறிவியலில் என்னைவிட அதிகம். நான் கடலடிக் கேள்வியைப் பாதியில் விட்டிருந்தேன்.

தலைமையாசிரியை ஹெப்சியின் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னபோது அவர் மகளின் சடையைப் பிரித்து, அங்கேயே, அலுவலக வாசலில் நின்றபடி, திரும்பப் பின்னிவிட்டார்.

"சரி, இனிமே நான் வர வேண்டாம்லா?" என்று மாரி கேட்டாள்.

"ஏன் வேண்டாம்?" என்றேன். நான்தான் சொன்னேன்.

ஜனவரி 12, திங்கள்

பொங்கல் விடுமுறைக்கு முன் வகுப்புப் போட்டோ எடுத்தார்கள். மதியமே வகுப்புக் குழுவுக்கு வந்தது. ஹெப்சியின் போன் 'படம்' என்று சொல்லி நின்றுவிட்டது.

"குழலி, நீ எழுது" என்றாள்.

"மாரி?"

"மாரி வேண்டாம். நீயே எழுது."

கணினி அறையில் தனியாக உட்கார்ந்து எழுதினேன். 'ஒன்பதாம் வகுப்பு மாணவிகளின் போட்டோ. பள்ளி முற்றம். மூன்று வரிசை. முன்வரிசை நடுவில் மரகதம் டீச்சர், நாற்காலியில். இரண்டாம் வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக ஹெப்சிபா. சிரிக்கிறாள். அவளுக்கு வலப்பக்கம் குழல்வாய்மொழி. கண்ணை மூடியிருக்கிறாள். சந்தனமாரி யாரையோ பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறாள்.'

இடமிருந்து வலம் வந்து கடைசி மூலைக்குப் போனேன். போட்டோவின் வலது ஓரத்தில், குழாயடியில், ஒரு வாளி இருந்தது. நீல வாளி. போட்டோக்காரர் எடுத்து வைக்க மறந்திருக்க வேண்டும்.

கணினித் திரையை அருகில் போய்ப் பார்த்தேன். தள்ளிப் போய்ப் பார்த்தேன். அது நீலம்தான். அதை எழுதினால் அவள் என்ன நினைப்பாள் என்று எனக்குத் தெரியும். எழுதாமல் விட்டால் படத்தில் இருப்பதை நான் மறைத்ததாகும். எழுதினேன். 'வலது ஓரத்தில் தண்ணீர்க் குழாய். அதனடியில் ஒரு நீல பிளாஸ்டிக் வாளி.' அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை.

வேப்பமரத்தடியில் ஹெப்சி கேட்டாள். டீச்சர் வந்தார், அவள் வந்தாள், நான் வந்தேன். என் கண் மூடியிருந்ததற்குச் சிரித்தாள். பிறகு கடைசி வரி வந்தது. அவள் சிரிப்பு நின்றது. என் பக்கம் திரும்பவில்லை.

"மாரி" என்று சத்தமாகக் கூப்பிட்டாள். "இங்க வா. போட்டோவுல வலப்பக்கம் கொழாயடியில என்ன இருக்கு?"

மாரி போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "வாளி. ஓட்ட வாளி. நம்ம தோட்டக்காரரு செடிக்கு ஊத்துவாருல்லா, அது."

"என்ன நெறம்?"

"நீலம். ஏன்?"

ஹெப்சி கையை நீட்டிப் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். ஒயரின் ஒரு முனையைத் துழாவி என் காதில் மாட்டினாள். பிறகு அந்தக் குரலை முதலிலிருந்து வைத்தாள்.